தருமபுரிப் பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு பேஸ்ட் தேவையா?

பாலக்கோட்டான்:
போன வாரம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு குழு வந்து பிள்ளைகளுக்கு பிரஷ்ஷும் ஃபுளோரைடு பேஸ்ட்டும் கொடுத்துவிட்டுப் போனது. நல்ல மனசுதான். ஆனால் இது எந்த மாவட்டம் என்று யோசித்தார்களா? போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்றுதானே 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் ஒகேனக்கல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள்? தண்ணீரில் வேண்டாம் என்றதை டியூபில் அடைத்துத் தருவது என்ன நியாயம்? வேப்பங்குச்சி போதும். என் பையனுக்கு அந்த டியூபை நான் கொடுக்கவில்லை.

பென்னாகரம் டீச்சர்:
அண்ணா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழப்புகிறோம். எங்கள் பள்ளி முகாமில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பார்த்து, “பல்லே தேய்க்கிறதில்லையா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்கள். முன்பல்லில் பழுப்புப் பட்டை. தினமும் தேய்ப்பவள். செங்கல் பொடி போட்டு ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்திருக்கிறாள். அன்றிலிருந்து உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். அது அழுக்கு இல்லை. ஏழெட்டு வயதுக்குள், பல் ஈறுக்குள் உருவாகும்போதே தண்ணீரில் அதிகமாக இருந்த ஃபுளோரைடு போட்ட கறை. தேய்த்தால் போகாது. ராத்திரி அழ வைப்பது சொத்தை, அது வேறு. அதற்குத்தான் பேஸ்ட்.

ஊத்தங்கரை பொண்ணு (பல் மருத்துவம் படிக்கிறேன்):
கணக்குப் போட்டுப் பாருங்கள் அண்ணா. பேஸ்ட்டில் கிராமுக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிகிராம் ஃபுளோரைடு. பட்டாணி அளவு என்றால் கால் கிராம். முழுதையும் விழுங்கினாலும் 0.25 மில்லிகிராம்தான். லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருக்கிற போர் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால் அதுபோல 12 மடங்கு உள்ளே போகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனாலே குடிக்க ஆகாது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் பிடித்துவிட்டு, களி கிண்ட மட்டும் போர் தண்ணீர் ஊற்றும் வீடுகள் எத்தனை! கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும்.

பாலக்கோட்டான்:
கணக்கு சரிம்மா. ஆனால் பட்டாணி அளவு என்று யார் பார்ப்பது? எங்கள் தெருவில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடம். பேஸ்ட் இனிக்கிறது, சின்னதுகள் பிதுக்கித் தின்கின்றன. என் கண்ணால் பார்த்தேன்.

பென்னாகரம் டீச்சர்:
அது உண்மை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது தப்பு. பள்ளியிலேயே டியூபை வைத்து, நாங்களே பிதுக்கிக் கொடுத்து, எதிரில் நின்று துப்ப வைக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் அரிசி மணி அளவுதான்.

காவேரிப்பட்டணம் மாமா:
இதெல்லாம் விழுந்து முளைக்கிற பல்தானே. அதற்கு இவ்வளவு சண்டையா?

ஊத்தங்கரை பொண்ணு:
மாமா, இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஆறு வயதில் பால்பல் வரிசைக்குப் பின்னால் கடைவாய்ப் பல் ஒன்று முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால் அதையும் பால்பல் என்று விட்டுவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். அதன் குழியில் மிட்டாயும் பிஸ்கட்டும் ஒட்டிச் சொத்தை விழுந்தால், பிடுங்கிய பிறகு வேறு பல் வராது. ஆரம்பத்திலேயே பார்த்தால் அடைத்துவிடலாம்.

பாலக்கோட்டான்:
பையனுக்கு ஆறரை வயது. இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைசியில் பெரிய பல், நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. பால்பல் என்றுதான் நினைத்திருந்தேன். திங்கட்கிழமை தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். டியூபைப் பள்ளியில் வைத்துக்கொள்வதாக இருந்தால் சம்மதம். ஆனால் பிரஷ் கொடுக்க வருகிறவர்கள் முதலில் எங்கள் ஊர் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வரட்டும். அதில் நான் மாறப்போவதில்லை.