பென்சிலுக்கு முன்னால் கடலைக்காய்: உங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்கள்

பையனுக்கு அப்போது மூன்றரை வயது. ஈரோட்டில் அவன் போன மழலையர் பள்ளியில் தினமும் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்வார்கள். பென்சிலை உலக்கை மாதிரி முழுக் கையால் பிடித்து அழுத்துவான். தாள் கிழியும். ரெண்டு வரிக்குள் "கை வலிக்குதும்மா" என்று அழுகை. நானும் அவன் விரலை இழுத்து இழுத்துத் திருத்தினேன். இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

தீபாவளி லீவுக்குக் கோபி பக்கம் அம்மா வீட்டுக்குப் போனோம். கடலைக்காய் பறித்து வாசலில் காயப் போட்டிருந்தார்கள். அம்மா முறத்தில் ரெண்டு கை அள்ளிப் போட்டு, "வா சாமி, அமுச்சிக்குத் தொலிச்சுக் குடு" என்று அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். முதலில் பல்லால் கடித்தான். "பல்லு வேண்டாங் கண்ணு, மூக்கை அமுக்கு" என்று காட்டினார். காயின் கூர்மூக்கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் 'டப்' என்று வாய் திறக்கும். நடுவிரல் கீழே தாங்கிக்கொள்ளும். பார்த்துக்கொண்டே இருந்த எனக்குச் சட்டென்று உறைத்தது. பென்சில் பிடிக்க வேண்டியதும் இதே மூன்று விரல்தானே! மோதிர விரலும் சுண்டு விரலும் தானாக உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. ரெண்டு மாதம் நான் சொல்லியும் வராத பிடி அது.

வீட்டுக்கு வந்ததும் பென்சிலை எடுத்து வைத்துவிட்டேன். பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்து வெளிச்சுவரைத் தீட்டச் சொன்னேன். சுவரில் எழுதும்போது தோள் வேலை செய்யும், மணிக்கட்டு பின்னால் வளைந்து நிற்கும். எழுதும் கைக்கு அந்த வளைவு வேண்டும். சாக்பீஸை அரை விரல் நீளத்துக்கு உடைத்துத்தான் கொடுப்பேன். துண்டு சின்னதாக இருந்தால் முழுக் கையால் பிடிக்கவே முடியாது. சப்பாத்தி மாவு உருட்டுவது, ஈரத்துணி பிழிவது எல்லாம் கூடவே நடந்தது. பள்ளியில் பேசி எழுத்து வீட்டுப்பாடத்தையும் நிறுத்தி வைத்தேன். சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

நாலரை வயதில் தானாக ஒரு ட போட்டுக் காட்டினான். தாள் கிழியவில்லை.

திருப்பூரிலிருந்து

எங்கள் வீட்டில் பனியன் கட்பீஸ்தான் விளையாட்டுச் சாமான். கொடியில் தொங்கவிட்டு ஒவ்வொன்றுக்கும் கிளிப் மாட்டுவது பாப்பாவுக்கு அவ்வளவு பிடிக்கும். கத்தரி பழக்க, பழைய கல்யாணப் பத்திரிகை ரொம்ப வசதிங்க. கெட்டியாக இருப்பதால் மடங்காது, ஒரே வெட்டில் துண்டு விழும்.

ஒரு வருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு இடது கைப் பழக்கம். "பீச்சாங்கையில எழுதலாமா" என்று பெரியவர்கள் தட்டித் தட்டிக் கையை மாற்றப் பார்த்தார்கள். குழந்தை கலர் பண்ணுவதையே விட்டுவிட்டாள். நான் உறுதியாக நின்று அதை நிறுத்தினேன். இடது கைக்கென்று கத்தரி தனியாகக் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் வெட்டுகிற கோடே கண்ணுக்குத் தெரியாது.

பொள்ளாச்சியிலிருந்து, ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்

பிறக்கும்போது மணிக்கட்டு முழுக்கக் குருத்தெலும்புதான். அதிலுள்ள 8 எலும்பும் ஒவ்வொன்றாகக் கெட்டிப்படுவதற்கு 10 வயது பக்கம் ஆகிவிடும். இதைச் சொன்னால்தான் சில பெற்றோர் அவசரப்படுவதை நிறுத்துவார்கள். 2 வயதில் நிற்கும் கோடு, 3 வயதில் வட்டம், 4 வயதில் கூட்டல் குறி, 5 வயதில் முக்கோணம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வரிசையில்தான் வரும். கூட்டல் குறியே போட வராத பிள்ளையிடம் அ எழுதச் சொன்னால் எப்படி அம்மிணி வரும்?

நான் கைவிடாத விளையாட்டு பல்லாங்குழி. புளியங்கொட்டையைக் கை நிறைய அள்ளிக்கொண்டு, குழிக்கு ஒன்றாகப் போட வேண்டும். உள்ளங்கையில் இருக்கிற கொட்டையை விரல் நுனிக்குத் தள்ளிக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. சின்னப் பிள்ளைகள் முதலில் நாலைந்தைச் சேர்த்தே கொட்டிவிடுவார்கள். ஒன்று மட்டும் விழுகிற நாள் வரும், அன்றைக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

5 வயது தாண்டியும் சட்டைப் பொத்தான் போட வரவில்லை, கை சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடக் கை வேலைகளைப் பழக்கும் சிகிச்சை) தேவையா என்று கேளுங்கள்.

அப்புறம் முதலில் எழுதிய அம்மிணிக்கு ஒரு கேள்வி. தொலித்த பருப்பை அந்த வயதில் முழுசாக வாயில் போட்டால் மூச்சுக்குழாயில் சிக்குமே, எப்படிச் சமாளித்தீர்கள்? புளியங்கொட்டையும் அப்படித்தான், மூக்கில் திணித்துக்கொள்ளும். 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் எண்ணி எடுத்து எண்ணி வைக்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து

நல்லவேளை கேட்டீங்க அக்கா, அதை எழுத மறந்துவிட்டேன். அம்மா பக்கத்தை விட்டு நகரவே இல்லை. ஒவ்வொரு பருப்பும் நேராகக் கிண்ணத்துக்குத்தான் போக வேண்டும். தொலித்து முடித்ததும் வறுத்து, வெல்லம் சேர்த்துச் சின்ன உரலில் நைசாக இடித்துக் கொடுத்தார். இடிக்கும்போது உலக்கையின் மேல் அவன் கையும் இருந்தது.