மறுமொழி: ‘ஸ்லாப்ஸ்டிக்’ – மெய்ந்நகை?

நண்பர்களுக்கு வணக்கம். ‘ஸ்லாப்ஸ்டிக்’ எனும் உடல்வழி நகைச்சுவைக்குத் தமிழில் ‘மெய்ந்நகை’ என்று சொன்னேன். அதற்கு வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> ‘அடிதடி நகைச்சுவை’ என்றே வைத்துக்கொள்ளலாமே? எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். ஆங்கிலச் சொல்லின் வேர் அடியில்தான் இருக்கிறது: இத்தாலியக் கோமாளி நாடகங்களில் மெல்லத் தட்டினாலே ‘பட்’டென்று ஓசையெழுப்பும் இரட்டைப் பலகைக் கோல் ஒன்று உண்டு. ஊமைப்படக் காலத்துக்குள் இந்தக் கலை அந்தக் கோலைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது. ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில், புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாகப் பெயர்ந்து அவர்மேல் சாய்கிறது. திறந்திருந்த மாடிச் சன்னல் விழும் இடத்தில் நிற்பதால் பிழைக்கிறார். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் எடுத்த காட்சி. சுவர் ஏறத்தாழ இரண்டு டன். அவர் தோளுக்கும் சன்னல் சட்டத்துக்கும் நடுவே சில அங்குலம்தான். யாரும் யாரையும் அடிக்கவில்லை, முகத்திலும் சலனமில்லை. சிரிப்பு முழுவதும் அந்த உடம்பு நின்ற இடத்தில் இருக்கிறது. ‘அடிதடி’ என்றால் இந்தக் காட்சி வெளியே போய்விடும். இதை விட்டுவிட்டு இந்தக் கலைக்குப் பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அதனால்தான் ‘மெய்ந்நகை’ என்கிறேன். மெய் உடம்பு. நகை என்றால் சிரிப்பு; தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் (உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) முதலாவதாக வைப்பது. மெய்ஞ்ஞானம்போல இங்கும் ஒற்று இரட்டிக்கும்.

> மெய் என்றால் உண்மை என்றும் ஆகுமே. ஹரால்ட் லாயிட் கடிகாரத்தில் தொங்கியது உண்மையா?

சரியான இடத்தில் கேட்டீர்கள். ஊமைப்பட நகைச்சுவை நடிகர் லாயிட் உயரமான கட்டடத்தின் கடிகாரத்தில் தொங்கும் ‘சேஃப்டி லாஸ்ட்’ (1923) படத்துக்காக லாஸ் ஏஞ்சலஸ் மொட்டைமாடிகளில் சுவர் அமைத்து, கீழே தெரு தெரியும்படி கேமராவை வைத்தார்கள். அவருக்குக் கீழே மெத்தை போட்ட மேடை இருந்தது. தூரக்காட்சிகளில் அவருக்குப் பதிலாக ஏறியவர் பில் ஸ்ட்ரோதர். ஆனாலும் லாயிட் 1919 வெடிவிபத்தில் வலக்கைக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் இழந்தவர். அந்தக் கையோடுதான் தொங்கினார். கீட்டனே ‘காலேஜ்’ (1927) படத்தில் கழியூன்றித் தாண்டும் காட்சியை ஒலிம்பிக் வீரர் லீ பார்ன்ஸிடம் விட்டார். அதே கீட்டன் ‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924) படப்பிடிப்பில் ரயில் தண்ணீர்த் தொட்டியின் நீர் தள்ளி விழுந்து கழுத்தெலும்பு முறிந்தவர். முறிவு பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. ஆகவே ‘தானே செய்தது’ என்ற பொருளை வரையறையில் ஏற்ற வேண்டாம். உடம்பு என்பதோடு நிற்கட்டும்.

> ‘மெய்ந்நகை’ என்றால் கடைக்காரர் அசல் தங்கம் என்று நினைப்பார்!

இந்த மறுப்பை ஏற்கிறேன். தனிச்சொல்லாக நின்றால் குழப்பம் வரும். தலைச்சொல்லை ‘மெய்ந்நகைச்சுவை’ என்று நீட்டிவிடலாம். ‘மெய்ந்நகைப் படம்’, ‘மெய்ந்நகைக் காட்சி’ என்ற தொடர்களில் குறுக்கம் இருக்கலாம், அங்கே ஐயம் எழாது.

இதையொட்டி ‘ஸ்டன்ட்’ என்ற சொல் பற்றி: நம் சினிமாவில் அது சண்டைக்காட்சியைக் குறித்துவிட்டது. இந்த இடத்துக்குச் ‘சாகசம்’ போதும். ‘டூப்’பை மாற்றத் தேவையில்லை.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

மெய்ந்நகைச்சுவை – விழுதல், மோதல், தொங்கல், மயிரிழையில் தப்பல் முதலிய உடற்செயல்களைத் துல்லியமாகத் திட்டமிட்டு, பேச்சின் துணையின்றியும் சிரிப்பெழுப்பும் நடிப்புவகை.

‘துல்லியமாகத் திட்டமிட்டு’ என்பதை மட்டும் யாரும் நீக்கிவிடாதீர்கள்.