சணலை எப்போது மடக்குவது: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

தம்பி (களுவாஞ்சிகுடி): அனைவருக்கும் வணக்கம். கிணற்றடித் தோட்டத்தில் பசுந்தழைப் பசளைக்காக விதைத்த சணல் (சணப்பை) இடுப்பளவுக்கு மேல் வளர்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் பூக் காட்டத் தொடங்கியிருக்கிறது. அடுத்துக் கத்தரி நடவிருப்பதால், இப்போதே மடக்கி உழுவதா, இன்னும் ஒரு மாதம் விடுவதா என்று அக்காதான் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: அவசரப்படாதே மகன். செடி முற்றினால் தழை கூடும், தழை கூடினால் பசளையும் கூடும் என்பதே என் எண்ணம்.

அக்கா: தழையின் நிறை கூடும் என்பது சரிதான் பெரியப்பா. ஆனால் அதைத் தின்று உக்க வைப்பவை மண்ணிலுள்ள பற்றீரியாக்களும் பங்கசுக்களும் என்பதால், அவற்றுக்கு எந்த உணவு ஒத்துவரும் என்பதையும் பார்க்க வேண்டும். அவற்றின் உடலில் ஒரு பங்கு நைதரசனுக்கு ஏறத்தாழ 8 பங்கு காபன் இருக்கிறது. சுவாசத்தில் செலவாவதையும் சேர்த்தால், 24 பங்கு காபன் உள்ள உணவு அவற்றுக்கு அளவானது. பூக்கத் தொடங்கும் சணல் அந்த அளவை ஒட்டியே இருப்பதால் விரைவாக உக்கி, நைதரசனைக் கத்தரிக்கு விட்டுக்கொடுக்கும். தண்டு முற்றி நாரோடிய பின் மடக்கினால், காபன் மிஞ்சிவிடுவதால் அந்த நுண்ணுயிர்கள் மண்ணில் ஏற்கெனவே உள்ள நைதரசனையும் இழுத்துத் தம் உடலுக்குள் வைத்துக்கொள்ளும். கத்தரி இலை வெளிறி நிற்கும். தம்பி, ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பார்.

தம்பி: பார்த்துவிட்டேன், படமும் அனுப்பியிருக்கிறேன். பெரும்பாலான முடிச்சுகளின் உட்புறம் இளஞ்சிவப்பாகவும், பழைய வேரிலுள்ள இரண்டொன்று பச்சையாகவும் இருக்கின்றன.

அக்கா: சிவப்பாயிருப்பவை காற்றிலுள்ள நைதரசனை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன, பச்சையானவை ஓய்ந்துவிட்டன. காய் பிடிக்கத் தொடங்கினால் செடி தன் சர்க்கரையை விதைக்கு அனுப்பி முடிச்சுகளைப் பட்டினி போடும். ஆகவே மடக்குவதற்கு இந்த வாரமே உகந்தது.

சின்ன மாமி (வெல்லாவெளி): மகள், வைக்கோலில் காபன் இன்னும் அதிகமென்றால், எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) செய்வதுபோல எரித்துவிடுவது நல்லதல்லவா?

அக்கா: வேண்டாம் மாமி. எரித்தால் சாம்பலில் பொட்டாசியம் மிஞ்சுமே தவிர, காபனும் நைதரசனும் பெரும்பாலும் புகையாகிவிடும். மேல்மண்ணின் உயிர்களும் வெந்துபோகும். அறுவடை முடிந்ததும் பரப்பி, ஈரம் காயுமுன் மேலோட்டமாக உழுதுவிட்டால், பெரும்போகத்துக்கு முன் காற்றோட்டமுள்ள மண்ணிலேயே உக்கிவிடும். தண்ணீர் கட்டும் வேளையில் புது வைக்கோலைப் புதைத்தால், ஒட்சிசன் இல்லாத சேற்றில் மெதேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களே பெருகும்.

மருமகன் (அக்காவிடம்): மாமி, உழுவதற்குப் பதிலாகக் களைநாசினி அடித்துச் சணலை நின்ற நிலையிலேயே காய விட்டால் என்ன? மண் கலையாதே.

அக்கா: மண்ணைக் கலைக்காமல் விடுவது நல்ல எண்ணம்தான்; அதற்கு நாசினி தேவையில்லை. சணல் வேரில் குடியிருக்கும் வேர்ப்பங்கசு, மண்ணுக்குள் மெல்லிய இழைகளைப் பரப்பி, வேர் எட்டாத இடத்துப் பொசுபரசையும் கொண்டுவந்து கொடுக்கிறது. கத்தரியும் அதே பங்கசோடு சேர்ந்து வாழும் பயிர். டிராக்டர் ஆழமாகப் புரட்டினால் அந்த இழைகள் அறுந்து, நாற்று புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே சணலைத் தரையோடு ஒட்ட வெட்டி அங்கேயே மூடாக்காகப் பரப்பி, நாற்று நடும் வரிசையில் மட்டும் மண்வெட்டியால் மேலாகக் கொத்துவதையே நான் விரும்புகிறேன். உழுவதைவிட நைதரசன் மெதுவாகவே கிடைக்கும். ஆனாலும் நம் மணல் மண்ணில், கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும் மாதங்களில், வெறுந்தரையாக விடுவதால் வரும் சேதம் அதைவிடப் பெரிது. மண் கொதித்துக் காய்ந்தால் நுண்ணுயிர்களில் ஒரு பகுதி செத்துவிடும். பின்னர் பெருமழை விழுந்ததும் மிஞ்சியவை செத்தவற்றைத் தின்று திடீரெனப் பெருகி, ஒரேயடியாக வெளிவிடும் நைதரசன், பயிர் வேர்விடுமுன் மணலுக்கூடாகக் கிணற்றுக்கே இறங்கிவிடும்.

சின்ன மாமி: எங்கள் மேட்டு நிலத்தில் சணலுக்குப் பதிலாகக் கௌபி போடலாமா?

அக்கா: பயறு வகை எதுவும் மண்ணுக்கு நல்லது மாமி, உணவுக்கும் ஆகும். ஆனால் கத்தரி வேரில் முடிச்சுப்புழு (வேரை வீங்க வைத்துக் கெடுக்கும் நுண்புழு; நைதரசன் பிடிக்கும் முடிச்சு வேறு) கண்ட நிலமென்றால் சணலே மேல். கௌபி இனங்கள் சிலவற்றில் அந்தப் புழு பெருகும், சணலில் பெருகுவதில்லை.

தம்பி: அப்படியானால் டிராக்டர் வேண்டாம். நாளை காலையில் கத்தியோடு இறங்குகிறேன். நாற்றை உடனே நடலாமா?

அக்கா: இரண்டு, மூன்று வாரம் பொறு. பச்சைத் தழை உக்கத் தொடங்கும் நாள்களில் நாற்றழுகல் நோய்க் கிருமிகளும் அதைத் தின்று பெருகும். அவை அடங்கிய பிறகு நட்டால் போதும். அதுவரை மூடாக்கின் மேல் இடையிடையே தண்ணீர் தெளி, காய்ந்து சருகானால் உக்காது.