டெண்டர் வரைவில் பழைய அணுகல்தன்மைத் தரநிலை: எதை, எப்படிப் புதுப்பிப்பது?

தண்டையார்பேட்டை_டெவ்:

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்துக்கு இருமொழி இணையதளம், ஆன்லைன் கட்டணப் படிவம், வாசலில் வைக்கும் தொடுதிரை கியோஸ்க் மூன்றுக்கும் சேர்த்து டெண்டர் வரைவு தயாராகிறது. பழைய வரைவில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்தன்மை பற்றி ஒரே ஒரு வரிதான் உண்டு: "இணையதளம் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 ஏஏ நிலைக்கு இணங்க வேண்டும்." (டபிள்யூ.சி.ஏ.ஜி. என்பது இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டி; ஏ, ஏஏ, ஏஏஏ அதன் இணக்க நிலைகள்.) அந்த வரியில் 2.0 என்பதை 2.2 என்று மாற்றினால் போதுமா? கியோஸ்க் பற்றி எதுவும் இல்லை. பழைய சுற்றறிக்கைகளில் பாதி பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப், மீதி ஸ்கேன். அவற்றை என்ன செய்வது?

வியாசை_தணிக்கை:

2.2 என்று மாற்றுவது சரிதான். ஆனால் அது இணையதளத்துக்கு மட்டுமே ஆகும், கியோஸ்க் அதற்குள் அடங்காது. நீங்கள் சேர்க்க வேண்டியது ஐ.எஸ். 17802 என்ற இந்திய அணுகல்தன்மைத் தரநிலை. அதன் பகுதி 1 (2021) என்னென்ன வேண்டும் என்று சொல்கிறது. பகுதி 2 (2022) அவை நிறைவேறினவா என்று எப்படித் தீர்மானிப்பது எனச் சொல்கிறது. ஐரோப்பாவின் இ.என். 301 549 என்ற அணுகல்தன்மைத் தரநிலையை அடியொற்றியது என்பதால் வன்பொருள், மென்பொருள், ஆவணம், உதவி மையம் எல்லாம் இதற்குள் வரும். அரசு இணையதளங்களுக்கும் செயலிகளுக்கும் 2023இல் வந்த ஜி.ஐ.ஜி.டபிள்யூ. 3.0 (இந்திய அரசு இணையதள வழிகாட்டுதல்கள்) தனியாக இருக்கிறது. அதன் அணுகல்தன்மைப் பகுதி டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 ஏஏ நிலையை ஒட்டியது. 2.2க்கு இணங்கிய பக்கம் 2.1க்கும் இணங்கும், ஆகவே முரண்பாடு வராது.

சட்டப் பக்கத்தில் ஒரு கவனம் வேண்டும். ஐ.எஸ். 17802, 2023இல் மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின் 15ஆம் விதிக்குள் சேர்க்கப்பட்டது. ஆனால் ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் விதி 15(1) தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு கட்டாயத் தரநிலைகளைக் கேட்கிறது, விதியோ பரிந்துரை போல எழுதப்பட்டிருந்தது என்பதுதான் காரணம். அதனால் "விதி 15இன்படி" என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். தரநிலையின் பெயர், ஆண்டு, நிலை ஆகியவற்றை ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதுங்கள். பிறகு விதியை எப்படித் திருத்தினாலும் ஒப்பந்ததாரரின் கடமை குறையாது.

ஆண்டு போடுவதா வேண்டாமா என்பதில்தான் பல வரைவுகள் சறுக்குகின்றன. அமெரிக்க அரசுத் துறைகளின் தகவல் தொழில்நுட்பத்துக்கான 508ஆம் பிரிவு அணுகல்தன்மைத் தரநிலையை 2017 ஜனவரியில் புதுப்பித்தபோது டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 என்று பதிப்பெண்ணோடு கட்டிவிட்டார்கள். அடுத்த ஆண்டே 2.1 வந்தது, 2023 அக்டோபரில் 2.2 வந்தது. அந்த விதி 2.0-லேயே நின்றது. மாறாக "நடப்பில் உள்ள பதிப்பு" என்று மொட்டையாக எழுதினால், வேலை பாதியில் இருக்கும்போது வரும் பதிப்புக்கு யார் செலவு செய்வது என்று தகராறு வரும். இரண்டுக்கும் நடுவே இப்படி எழுதலாம்: "ஏற்பு நாளில் குறைந்தபட்சம் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 ஏஏ, ஐ.எஸ். 17802 பகுதி 1: 2021. பராமரிப்புக் காலத்தில் இவை திருத்தப்பட்டால், வெளியான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பராமரிப்புத் தொகைக்குள்ளேயே மேம்படுத்த வேண்டும்."

வேலையின் அளவையும் கணக்கில் வையுங்கள். ஏ, ஏஏ இரண்டும் சேர்ந்து 2.0இல் 38 அளவுகோல்கள், 2.1இல் 50, 2.2இல் 55. பழைய மதிப்பீட்டுத் தொகையை அப்படியே வைத்தால் சோதனைக்குப் பணம் மிஞ்சாது, முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

காலடிப்பேட்டை_யூனிகோட்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனா தமிழ்ப் பக்கத்தைத் தனியா சோதிக்கணும்னு வரைவுல இல்லேன்னா, இங்கிலீஷ் பக்கத்தை மட்டும் காட்டி பாஸ் வாங்கிடுவாங்க. வட சென்னையில அந்தத் தளத்தைத் திறக்கிற பெரும்பாலானவங்களுக்கு வேண்டியது தமிழ்ப் பக்கம்தான்.

முதல்ல லாங் ஆட்ரிபியூட், அதாவது பக்கம் எந்த மொழியில இருக்குன்னு கோடுல சொல்ற குறிப்பு. தமிழ்ப் பக்கத்துக்கு அது 'டிஏ'ன்னு இருக்கணும். மொழி மாத்தற பட்டனை அழுத்தினா எழுத்து மட்டும் மாறி, அந்த மதிப்பு இங்கிலீஷ்லயே நிக்கிற தளங்கள் ஏராளம். அப்போ என்.வி.டி.ஏ. மாதிரி திரைவாசிப்பான் (திரையில இருக்கிறதைப் பார்வையற்றவங்களுக்குப் பேசிக் காட்டற மென்பொருள்) இங்கிலீஷ் குரல்லயே தமிழை வாசிக்கப் பார்க்கும். கேக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

அடுத்தது டபிள்யூ.சி.ஏ.ஜி.யோட 2.5.3ஆம் அளவுகோல். பட்டன் மேல 'தேடு'ன்னு இருக்கும், உள்ளே ஏரியா லேபிள்ல (திரைவாசிப்பான் வாசிக்கிற, கண்ணுக்குத் தெரியாத பெயர்) 'சர்ச்'னு விட்டிருப்பாங்க. பார்க்கற பெயரும் உள்ளே இருக்கிற பெயரும் ஒண்ணா இருக்கணும். பிழைச் செய்திகளும் இப்படித்தான். படிவம் தமிழ்ல இருக்கும், 'இந்தப் புலம் கட்டாயம்'ங்கறது மட்டும் நிரல் நூலகத்தோட (லைப்ரரி) இங்கிலீஷ் வரியா வரும்.

எழுத்து இடைவெளி பத்தின 1.4.12ஐக் கட்டாயம் தமிழ்ல பாருங்க. வரி உயரத்தை எழுத்தளவுல 1.5 மடங்கு, எழுத்து இடைவெளியை 0.12 மடங்கு, சொல் இடைவெளியை 0.16 மடங்கு, பத்தி இடைவெளியை 2 மடங்கு ஆக்கினாலும் எதுவும் வெட்டுப்படக் கூடாது. மெனுவுக்கு உயரத்தைப் பிக்சல்ல நிலையா வெச்சிருந்தா 'கீ'யோட மேல்சுழி, 'மூ'வோட கீழ்ச்சுழி ரெண்டும் போயிடும். தமிழ்ச் சொற்கள் நீளம்ங்கறதால 400 சதவீதம் பெரிசாக்கும்போது பக்கவாட்டுல ஓடறதும் தமிழ்ப் பக்கத்துலதான் முதல்ல தெரியும்.

இப்போ பிடிஎஃப். பாமினி கோப்புல இருந்து ஒரு வரியை எடுத்து நோட்பேடுல ஒட்டுங்க. இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வரும். திரைவாசிப்பானுக்குப் போறது அதுதான். மூல வேர்ட் கோப்பு இருந்தா என்.எச்.எம். கன்வர்ட்டர்ங்கற எழுத்துரு மாற்றியில யூனிகோடா மாத்தலாம். ஆனா முழுக் கோப்பையும் ஒரே அடியா போடாதீங்க. இடையில இருக்கிற இங்கிலீஷ் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் தமிழ் எழுத்தாச் சிதைஞ்சிடும். பாமினி எழுத்துரு போட்ட பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாத்தணும்.

யூனிகோட் பிடிஎஃப்பும் நம்பகமானது இல்ல. பல பிடிஎஃப்கள்ல எழுத்துகள் கண்ணுக்குத் தெரியற வரிசையில சேமிக்கப்படறதால 'கொ'ங்கறது 'ெ', 'க', 'ா'ன்னு பிரிஞ்சு வரும். வேர்ட்ல இருந்து 'பிரின்ட் டு பிடிஎஃப்' பண்ணா டேகும் (எது தலைப்பு, எது பத்தின்னு திரைவாசிப்பானுக்குச் சொல்ற குறி) போயிடும். 'சேவ் ஆஸ்' வழியாப் போய் அணுகல்தன்மை டேக் விருப்பத்தை டிக் பண்ணணும். என் தீர்மானமான கருத்து: மக்கள் படிக்க வேண்டிய எந்த அறிவிப்பும் எச்டிஎம்எல் பக்கமா இருக்கட்டும், கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஸ்கேன் பக்கத்துல இணைப்பா இருக்கட்டும். பழசு அத்தனையும் ஒரே நாள்ல மாத்த முடியாது. நடப்புல இருக்கிற கட்டண விகிதம், விண்ணப்பம், உதவித்தொகை அறிவிப்பு இதுகளை முதல்ல எடுங்க. மத்ததுக்கு 'கேட்டால் இத்தனை நாளில் தருவோம்'னு ஒரு வரியும் தொலைபேசி எண்ணும் போடுங்க.

ராயபுரம்_ஹார்ட்வேர்:

கியோஸ்க் பற்றி.

பயனர் தன் சொந்தத் திரைவாசிப்பானை அதில் நிறுவ முடியாது. அதனால் பேச்சு வசதி இயந்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இ.என். 301 549 இதை மூடிய செயல்பாடு என்ற தலைப்பில் விரிவாகச் சொல்கிறது. திரையில் எந்த மொழியோ அதே மொழியில் பேச வேண்டும், பேச்சை இடையில் நிறுத்தவும் திரும்பக் கேட்கவும் முடிய வேண்டும். ஒலிபெருக்கியில் குறைந்தது 65 டெசிபெல் வரை ஏற்ற முடிய வேண்டும், ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்கு அளவு 65 அல்லது அதற்குக் கீழே தானாகத் திரும்ப வேண்டும். இணையம் அறுந்தால் பேச்சும் அறுந்துவிடக் கூடாது. இஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் இணையம் இல்லாமலே இயங்கும் தமிழ்க் குரல் உண்டு. விண்டோஸ் என்றால் தமிழ்ப் பொதியோடு வரும் வள்ளுவர் குரல் கேட்க இதமானது.

வெறும் தொடுதிரை கூடாது. தடவி அறியக்கூடிய பொத்தான்கள் வேண்டும். எண் பலகையில் 5 மேல் புள்ளி, பக்கத்தில் 3.5 மிமீ ஹெட்போன் துளை. காசிமேட்டு உப்புக்காற்றில் அந்தத் துளைதான் முதலில் அரிக்கும். அதைத் தனிப் பலகையாக, இரண்டு திருகில் கழற்றி மாற்றும்படி கேளுங்கள்.

உயரத்தில்தான் இங்கே தவறு அதிகம். முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது, சக்கர நாற்காலியில் இருப்பவர் நேராகக் கை நீட்டி இயக்க வேண்டியவை தரையிலிருந்து 380 மிமீக்கும் 1220 மிமீக்கும் இடையே இருக்க வேண்டும். மழைநீர் தேங்கும் என்று கியோஸ்க்கை மட்டும் 300 மிமீ மேடை கட்டி ஏற்றினால் 1100 மிமீயில் இருந்த பொத்தான் 1400க்குப் போய்விடும். ஆள் நிற்கும் தரையிலிருந்து அளக்க வேண்டும் என்று வரைவில் எழுதுங்கள். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஆள் நிற்கும் தளத்தையும் சேர்த்து ஏற்றி, 1:12க்கு மேற்படாத சரிவுப்பாதை போடுங்கள். 300 மிமீக்கு 3.6 மீட்டர் நீளம் வேண்டும், வாசலில் அந்த இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இல்லாத திரையில், ஆங்கிலப் பெரிய எச் எழுத்தின் உயரம் பார்வைக்கு 0.7 பாகைக் கோணம் அடைக்க வேண்டும். 600 மிமீ தூரத்தில் அது ஏறத்தாழ 7.3 மிமீ. தமிழில் இதை 'ப' எழுத்தின் உடலுக்கு வைத்து அளந்தால் நல்லது. மேற்குறியோடு சேர்த்து அளந்தால் உடல் சிறுத்துவிடும்.

தண்டையார்பேட்டை_டெவ்:

மிக்க நன்றி. சரிவுப்பாதைக் கணக்கு யாருக்கும் தோன்றவில்லை. இன்னொன்று: ஏற்புச் சோதனையில் எதைக் கேட்பது? தானியங்கிக் கருவியின் அறிக்கை போதுமா? கட்டணப் படிவத்தில் கேப்ட்சாவும், காலாவதி ஆகும் ஓ.டி.பி.யும் உண்டு.

வியாசை_தணிக்கை:

போதாது. ஆக்ஸ், வேவ் போன்ற தானியங்கிக் கருவிகள் படங்களுக்கு மாற்றுரை (படத்தை விவரிக்கும் எழுத்து) இருக்கிறதா என்று பார்க்கும், அது பொருந்துகிறதா என்று பார்க்காது. தவறான லாங் மதிப்பும் பல நேரம் அவற்றின் கண்ணில் படாது. ஒவ்வொரு அளவுகோலுக்கும் தேர்ச்சி, தோல்வி, பொருந்தாது என்று ஐ.எஸ். 17802 பகுதி 2 முறைப்படி எழுதிய அறிக்கையைக் கேளுங்கள், அதுவும் தமிழ், ஆங்கிலப் பக்கங்களுக்குத் தனித்தனியாக. கட்டணப் படிவத்தை உள்நுழைவு முதல் ரசீது வரை மவுஸ் இல்லாமல் என்.வி.டி.ஏ.வில் ஒரு முறை, ஆண்ட்ராய்டு போனின் டாக்பேக் திரைவாசிப்பானில் ஒரு முறை முடித்துக் காட்ட வேண்டும். அதைச் செய்பவர் திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் பார்வையற்றவராக இருக்கட்டும். அவருக்கான ஊதியத்தை மதிப்பீட்டிலேயே தனி வரியாகப் போடுங்கள்.

உள்நுழைவில் சிதைந்த எழுத்தைப் படித்து அடிக்கச் சொல்லும் கேப்ட்சா டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2இன் 3.3.8ஆம் அளவுகோலில் தோற்கும். ஓ.டி.பி. இருக்கும்போது அது எதற்கு? முயற்சிகளின் எண்ணிக்கையை சர்வரிலேயே கட்டுப்படுத்தலாம். ஓ.டி.பி. பெட்டியில் ஒட்டுவதைத் தடுக்கக் கூடாது. ஆறு இலக்கத்துக்கு ஆறு பெட்டி வைத்தால் ஒட்டும்போது முதல் இலக்கம் மட்டும் விழும், ஒரே பெட்டியாக வையுங்கள். நேரம் முடியும் முன் எச்சரித்து, குறைந்தது 20 விநாடி அவகாசம் கொடுத்து, ஒரே பொத்தானில் நீட்டிக்க விடுங்கள். அப்படி 10 முறையாவது நீட்டிக்க முடிய வேண்டும். பாதுகாப்புக் காரணமாக ஓ.டி.பி.யையே நீட்டிக்க முடியாது என்றால் புதியதைக் கேட்கலாம், ஆனால் அதுவரை நிரப்பிய விவரங்கள் அழியக் கூடாது.

கடைசிக் கட்டணத்தில் ஒரு பகுதியை இந்த அறிக்கையோடு கட்டுங்கள். முதலில் ஏஏ அறிக்கை, பிறகு பில்.