டவுன்சென்ட் ஹாரிஸ் பற்றிப் படித்தவர்கள் உண்டா?

வணக்கம் நண்பர்களே. ஜப்பானில் முதல் அமெரிக்கத் தூதராக இருந்த டவுன்சென்ட் ஹாரிஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நியூயார்க்கில் சீனப் பீங்கான் விற்ற வியாபாரி. பள்ளியைத் தாண்டாதவர்; ஆனால் 1847-ல் ஏழைப் பிள்ளைகளும் படிக்க இலவசக் கல்லூரி வரக் காரணமானவர் (இதற்கே தனிக் கட்டுரை எழுதலாம்!). 1856-ல் ஜப்பானின் ஷிமோதா துறைமுகத்தில் இறங்கி, கியோகுசென்ஜி என்ற புத்தர் கோயிலில் குடியிருந்து, பேசிப் பேசியே 1858-ல் வணிக ஒப்பந்தத்தை முடித்தார்.

சரி, அமெரிக்கத் தரப்புத் தகவல் நிறைய சேர்ந்துவிட்டது. சுங்க வரியைத் தாமே முடிவு செய்யும் உரிமையும், குற்றம் செய்த அமெரிக்கர்களை விசாரிக்கும் உரிமையும் அந்த ஒப்பந்தத்தால் ஜப்பானின் கையை விட்டுப் போயின. இதை ஜப்பானியர் பார்வையில் சொல்லும் நூல் ஏதாவது தமிழிலோ ஆங்கிலத்திலோ தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம், ஷிமோதா போனவர்கள் யாராவது இருந்தால், அந்தக் கியோகுசென்ஜி கோயிலில் நீங்கள் எடுத்த படம் ஒன்று கிடைக்குமா?