புதுப்பிப்பு: மிதவைக் காற்றாலை மாதிரி, இறக்கை அளவீடு மாறியதன் காரணம்

மிதக்கும் காற்றாலையின் 1:50 (ஐம்பதில் ஒரு பங்கு) மாதிரியில், இறக்கை அடியில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ் (நீட்சி, சுருக்கத்தை அளக்கும் மெல்லிய உணரி) காலையில் ஒன்று, மதியம் ஒன்று காட்டுகிறதே ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பிடிபட்டுவிட்டது. எல்லாம் பாளையங்கோட்டை வெயில்தான்!

ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தேன். சூட்டில் இறக்கை விரிவதையும் வளைவாகவே காட்டியது. இப்போது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அரைப் பிரிட்ஜாக (இரண்டின் வித்தியாசத்தை மட்டும் காட்டும் மின்சுற்று) இணைத்தாயிற்று. சூடு இரண்டுக்கும் பொது, கழிந்துபோகும். வளையும்போது ஒன்று நீளும், மற்றது சுருங்கும்; அதனால் வளைவு இரட்டிப்பாகத் தெரியும். இறக்கையைக் கிடையாகப் பிடித்து நுனியில் 100 கிராம் படிக்கல்லைத் தொங்கவிட்டேன். காலையும் மதியமும் ஒரே அளவு. மனசு நிறைந்துவிட்டது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கென்றால், நிஜ ஆலையின் வளைவுத் திருப்புவிசை (இறக்கையை அடியில் வளைக்கும் விசை × தூரம்) மாதிரியில் 50-இன் நான்காம் அடுக்கால், அதாவது 62.5 லட்சத்தால் வகுபடும். மிஞ்சுவது துளியூண்டு.

அடுத்தது தொட்டியில் அலை விட்டுப் பார்க்கணும்.