மறுமொழி: சானடோரியத்துக்குத் தமிழ்ச்சொல் – 'தேறுமனை' சரியாக வருமா?

வணக்கம் நண்பர்களே,

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலைய வரலாற்றை எழுதும்போது 'சானடோரியம்' என்பதை என்ன சொல்லால் குறிப்பது என்ற கேள்விக்கு இதுவரை 'காசநோய் மருத்துவமனை', 'நலவாழ்வு நிலையம்' என இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டும் எனக்கு ஒட்டவில்லை.

டாக்டர் சௌரி முத்து 1928ல் தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கான அந்தச் சானடோரியத்தைத் தொடங்கியபோது காசநோயைக் குணமாக்கும் மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்தது 1940களில்தான். அதுவரை நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். நோயாளி மாதக்கணக்கில் அங்கேயே தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய இப்படியோர் இடத்தில் கணித மேதை ராமானுஜனும் சில காலம் தங்கினார். அதே முறையைத்தான் நகரத்தை விட்டுத் தள்ளியிருந்த தாம்பரத்துக்குக் கொண்டுவந்தார். அதைப் போய் மருத்துவமனை என்று எழுதினால் அந்தக் காலமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

'நலவாழ்வு' என்றால் இன்று நகரெங்கும் இருக்கிற அரசு நலவாழ்வு மையங்கள்தான் நினைவுக்கு வரும். அப்புறம் 'நலவாழ்வு நிலைய ரயில் நிலையம்' என்று எழுத வேண்டியிருக்கும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

என் பரிந்துரை 'தேறுமனை'. காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைப் பார்த்து "உடம்பு தேறிடுச்சா?" என்றுதானே கேட்கிறோம்? மெல்ல மெல்லப் பலம் கூடுவது அந்த வினையிலேயே இருக்கிறது. மருத்துவமனை, பணிமனை போல 'மனை' சேர்ந்தால் புதுச்சொல் என்றே தோன்றாது. 'தேற்றகம்' என்றும் யோசித்தேன். ஆனால் 'தேற்றம்' கணக்குப் பாடத்தில் ஊறிவிட்ட சொல், குழப்பும்.

இந்தச் சொல் ரயில் நிலைய வரலாற்றுக்கு மட்டும் வேண்டியதில்லை. வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் தேறுமனையில் தங்கி மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகிறார்கள் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு நம் சென்னையில்தான் நடந்தது, 1959ல் வெளியானது. உலகமெங்கும் தேறுமனைகளின் காலம் முடிய அது ஒரு பெரிய காரணம். இதைத் தமிழில் எழுத ஒரு நல்ல சொல் கட்டாயம் வேண்டும்.

ஆனால் நிலையத்தின் பெயரில் கைவைக்க வேண்டாம். 1931ல் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது சானடோரியத்துக்கு வயது மூன்று. பிறகு அது அரசிடம் போய், இன்று நெஞ்சக நோய் மருத்துவமனை ஆகிவிட்டது. பழைய பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பது ரயில் நிலையம்தான். அடுத்த நிலையமான குரோம்பேட்டையும் குரோம் தோல் கம்பெனியின் பெயரைத்தானே சுமக்கிறது? அதை யாரும் மொழிபெயர்க்கச் சொல்வதில்லை.

போன வாரம் டிக்கெட் கவுன்டரில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். கக்கத்தில் எக்ஸ்ரே உறை, கையில் சில்லறை. "சானட்டோரியம் ஒரு ரிட்டன்" என்றார். அந்தப் பெயர் அவர் வாயில் முழுத் தமிழாக இருந்தது.

ஆக, பொதுப்பெயராக வரும் இடத்தில் தேறுமனை, ஊர்ப்பெயராக வரும் இடத்தில் சானடோரியம். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக, 'தேறுமனை' என்றதும் தேர்வில் தேறுவது யாருக்காவது நினைவுக்கு வருகிறதா என்று அறிய ஆவல்.